புத்தகத்தில் இருந்த எஞ்சின்

வெள்ளவத்தை
05.03.2023

அன்புள்ள தங்கச்சி ராணிக்கு,

அண்ணா எழுதிக்கொள்வது. நானும் அண்ணியும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால் எழும்பி நடக்கிறோம், சாப்பிடுகிறோம், ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறோம். உன் முழங்கால் எப்படி? பிரசாந்தும் மருமகளும் சுகமா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உன் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும். போனில் நீ கதைப்பது எனக்கு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. காதில் வைக்கிற மெஷினைப் போட்டால் அது விசில் அடிக்கிறது. போன முறை நீ உன் மனுசன் சந்திரகுமாரின் ஆண்டுத் திவசத்தைப் பற்றிச் சொல்ல, நான் "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஆகவே இனிமேல் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகிற நேரம் சந்திரகுமார் என் வாசலில் விட்டுப்போன உன் சீதனக் கார், அந்த ஒஸ்ரின் ஏ-40, இன்னும் என் கராஜில்தான் நிற்கிறது. கிழமைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி, காலி வீதிச் சந்தி வரைக்கும் போய்த் திரும்புவேன். போன வருடம் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து கியூஆர் முறை வந்ததே, அதில்தான் மாட்டிக்கொண்டேன். காரின் பதிவுப் புத்தகத்தில் பெற்றோல் என்று இருக்கிறது. உள்ளே இருப்பதோ நான் போட்ட டீசல் எஞ்சின். பெற்றோல் செட்டில் நிற்கிற ஆள் கியூஆரை ஸ்கேன் பண்ணிவிட்டு, டீசல் அடிக்கவே மாட்டேன் என்கிறான். அவனோடு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்துப் பார்த்தேன். "அங்கிள், பொத்தே பெற்றோல்னே", புத்தகத்தில் பெற்றோல்தானே, என்று கையை விரித்துவிட்டான். புத்தகத்தில் உள்ளதுதான் அவனுக்கு எஞ்சின்.

அப்போதுதான் யோசித்தேன், பழைய எஞ்சினையே தேடிப் பிடித்துத் திரும்பப் பூட்டினால் என்ன என்று. உனக்கு ஞாபகம் இருக்கும். எண்பதில், உன் கலியாணத்துக்கு முதல், பெற்றோல் விற்ற விலையைப் பார்த்துப் பயந்து, என் போனசைக் கொட்டி யப்பான் டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கி, கொட்டாஞ்சேனை பலீலின் கராஜில் பூட்டித் தந்தேன். தங்கச்சிக்குச் சீதனமாகப் போகிற கார் காசைக் குடிக்கக் கூடாது என்றுதான். அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கழற்றின எஞ்சினைப் பலீலிடமே விட்டேன்.

அது கிடைத்துவிட்டால், நீ வருகிற அன்று கட்டுநாயக்கா எயாப்போட்டிலிருந்து அதிலேயே உன்னை ஏற்றி வருவேன். போன பிறகு ஒரு தரமாவது இந்தப் பக்கம் வந்தாயா? முந்தி வேலை, பிள்ளை என்றாய். பிறகு சந்திரகுமாரின் வருத்தம் என்றாய். இப்போது என்ன? எனக்கு வயது போய்விட்டது ராணி. உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று சில நேரம் பயம் வருகிறது. கார் உன் பெயரில் இருப்பதால் உன் சம்மதம் வேண்டும். பதில் போடு.

அன்புடன்
அண்ணா
தியாகராசா

*

டண்டினோங்
06.04.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் படியேறும்போது மட்டும்தான் தன்னைக் காட்டுகிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிரசாந் பின்வளவில் வைத்த கறிவேப்பிலையைச் சாக்கால் மூடி வைத்திருக்கிறான். அதற்கு அவன் செய்கிற பணிவிடையை எனக்குச் செய்தால் போதும்.

அண்ணி பிரஷர்க் குளிசையை ஒழுங்காக எடுக்கிறாவா? அவவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்குப் பின்னத்தான் தெரியும்.

காரை உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். விற்றாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. விற்பதே நல்லது என்று நினைக்கிறேன். வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.

அன்புத் தங்கை
ஜீவராணி

*

வெள்ளவத்தை
30.04.2023

அன்புள்ள ராணிக்கு,

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். வருடப்பிறப்புக்கு அண்ணி பலகாரம் செய்தாள், சீனி எனக்கு ஆகாது என்று தானே சாப்பிட்டாள். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டோம்.

உன் சம்மதம் கிடைத்ததே போதும் என்று மறுநாளே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். விற்கச் சொன்னதை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள். பலீல் காலமாகிவிட்டார். மகன் ரிஸ்கான்தான் கராஜை நடத்துகிறான். எஞ்சினைப் பற்றிக் கேட்டதும் சிரித்தான். "வாப்பா ஒங்களப் பத்தி செல்லுவாரு சேர். வந்து எடுங்க எடுங்கன்டு எத்தினயோ தரம் செல்லியும் நீங்க வரல்லயாம். பொறகு வத்தள ஹியூபேட்டுக்குக் குடுத்துட்டாரு" என்றான். ஹியூபேட் என்ன செய்தான் தெரியுமா? அவனுடைய தகப்பன் காலத்திலிருந்து ராட்டினம் வைத்திருக்கிறார்கள். குதிரை, வாத்து எல்லாம் சுற்றுமே, அது. வேதக் கோயில் திருநாள் எங்கே நடந்தாலும் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். அந்த ராட்டினத்தைச் சுற்றுவது நம்முடைய எஞ்சின். கொட்டாஞ்சேனைத் திருநாளுக்கு வருடா வருடம் வருமாம். நான் சிரித்த சிரிப்பில் ரிஸ்கான் பயந்துபோனான்.

வரும் வழியில் உன் மாமியார் வீட்டைக் கடந்துதான் வந்தேன். வீடு அப்படியே இருக்கிறது, கேற்றுக்குப் புதுப் பெயின்ற். சந்திரகுமாரின் அக்கா சிவக்கொழுந்து இன்னும் இருக்கிறாவாம். மகள் உஷாந்தி வாசலில் நின்று "வாங்கோ" என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. அந்த வீட்டார் ஒரு நாளும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. பெரிய இடம் என்ற எண்ணம். அப்பா படுக்கையில் கிடந்தபோதும் ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. நீ வயிற்றோடு அலையக் கூடாது, செத்தவீட்டு நேரம் பிள்ளை பெற்ற தீட்டுத் துடக்கு, அது எனக்கு விளங்கும். மற்றவர்களுக்கு என்ன துடக்கு?

அப்பாவை நினைத்ததும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கடைசிக் காலத்தில் அவரும் இந்த எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "அதை எடுத்து ராணியின்ரை காரிலை பூட்டிக் குடு" என்பார். வருத்தக்காரனின் பேச்சு என்று நினைத்தேன். பார்த்தாயா, கடைசியில் அவர் சொன்னபடிதான் நடக்கப்போகிறது.

அன்புடன்
அண்ணா

*

வெள்ளவத்தை
18.06.2023

அன்புள்ள ராணிக்கு,

சுகம்தானே? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரன் எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போதெல்லாம் நான் கேற்றில் நிற்பதைப் பார்த்து அவன் இப்போது மற்றப் பக்கத்தால் போகிறான். உடம்புக்கு ஏதும் என்றால் பிரசாந்தை ஒரு வரி எழுதச் சொல்லு.

என் பக்கம் நல்ல செய்தி. ரிஸ்கானோடு வத்தளைக்குப் போனேன். ராட்டினத்தைக் கழற்றி ஒரு கொட்டிலில் போட்டிருந்தார்கள். எஞ்சின், கியர்பொக்ஸ் இரண்டும் ஒன்றாகவே ஒரு இரும்புச் சட்டத்தில் நிற்கிறது. மண்ணெண்ணெய் கலந்து ஓடி ஓடிக் கறுத்துப்போய் இருந்தாலும் உயிர் இருக்கிறது. ரிஸ்கான் மண்ணெண்ணெய்த் துணியால் நம்பர்த் தகட்டைத் துடைத்தான். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். அச்சொட்டாக அதே நம்பர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வயது போனால் இரும்புக்காகவும் அழுகை வரும்போல.

ஹியூபேட் முதலில் அசையவில்லை. "எஞ்சின் தாரன் அண்ணே, ஆனா எனக்கு ராட்டினம் நிக்கேலாது. அடுத்த திருநாளுக்குப் பிள்ளைகள் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?" என்றான். நியாயம்தானே. கடைசியில் நம்முடைய டீசல் எஞ்சினை அவனுக்குக் கொடுத்து, இதை எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. இரத்மலானையில் ஒரு இடத்தில் சிலிண்டரைப் போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும். காரின் தளத்தில் டீசலின் கியருக்கு வெட்டின ஓட்டையை ரிஸ்கான் அடைத்துவிடுவான். பிறகு பழையபடி ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர்தான்.

எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்
அண்ணா

*

டண்டினோங்
16.07.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

எழுதாமல் விட்டதற்கு வருத்தம் காரணம் இல்லை. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். நீங்கள் சந்தோசமாகத் தேடிக்கொண்டு திரிகிறீர்கள், அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். ஆனால் அப்பா கேட்டதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனி என்னால் முடியாது.

கலியாணத்துக்கு அடுத்த கிழமை கார் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தது. மாமா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பொனெட்டைத் திறக்கச் சொன்னார். புத்தகத்தில் ஒரு நம்பர், எஞ்சினில் வேறொரு நம்பர். பழைய எஞ்சினை உருவி எடுத்துவிட்டு, எங்கேயோ கிடந்த வான் வண்டி எஞ்சினைப் பூட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று மாமி தெருவுக்கே கேட்கச் சொன்னா. உங்கள் போனசைப் பற்றி நான் சொன்னேன். ஒருவரும் காதில் போடவில்லை. சிவக்கொழுந்து மச்சாள்தான் தீர்ப்புச் சொன்னவ. "அந்த எஞ்சின் திரும்பி வரட்டும். அதுக்குப் பிறகு இவ தகப்பன் வீட்டை போகட்டும்." பிரசாந்தின் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை அண்ணா. ஆனால் அன்றைக்குத் தெருவைத்தான் பார்த்தார்.

அப்பா ஒரு முறை தனியே வந்தார். கேற்றடியில் வைத்துச் சொன்னேன். "கொண்ணாவுக்குச் சொல்லாதை பிள்ளை. அவன் ஆசைப்பட்டுச் செய்தவன், உடைஞ்சுபோவான். நான் எஞ்சினை எடுப்பிச்சுத் தாறன்" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் அவருக்குச் சொன்ன சொல்லை இவ்வளவு காலமும் காப்பாற்றினேன். இப்போதுதான் மீறுகிறேன்.

செத்தவீட்டு நேரம் துடக்கு என்று எழுதியிருந்தீர்கள். ஓம், செத்தவீட்டு நேரம் துடக்குத்தான். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் எனக்குத் துடக்கு இல்லை.

இன்னுமொன்று. நீங்கள் ராட்டினம் என்று எழுதின இடத்தில்தான் கடிதத்தை மூடி வைத்தேன். பிரசாந் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது திருநாளுக்குத் திருநாள் அந்த ராட்டினத்தில் ஏற்றியிருக்கிறேன். அவன் வாத்தில்தான் இருப்பான், குதிரைக்குப் பயம். நான் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் கையில் செருப்பை வைத்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான். அங்கேதான் நின்றிருக்கிறது அந்த எஞ்சின்.

அந்த டீசல் எஞ்சினிலேயே அவர்கள் ஊரெல்லாம் ஓடினார்கள், கோயில் குளம் எல்லாம் போனார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எஞ்சினைப் பூட்டி யாருக்குக் காட்டப்போகிறீர்கள்? காட்டவேண்டிய அப்பா இல்லை. மாமா, மாமி இல்லை. அவரும் இல்லை. விட்டுவிடுங்கள் அண்ணா. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் கோபத்தில்தான் கொழும்புக்கு வராமல் இருந்தேன் என்றும் நினைக்கிறேன்.

ஜீவராணி

*

வெள்ளவத்தை
20.08.2023

அன்புள்ள ராணிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

கடிதம் கிடைத்தது. அண்ணிக்குக் காட்டவில்லை. அப்பா கேட்டபோது, "அந்தப் பழைய இரும்பு இப்ப என்னத்துக்கு" என்றுதான் நான் சொன்னது. பிறகு அவர் கேட்கவில்லை. நீ எழுதினதை வாசித்த பிறகு அவருடைய முகம்தான் வருகிறது. ஏன் என்று நான் ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மனம் சரியில்லை. வேறு எழுத வரவில்லை.

அண்ணா

*

டண்டினோங்
10.09.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சின்னக் கடிதம் என்னைப் பயப்படுத்திவிட்டது. சாப்பிடுகிறீர்களா? நித்திரை கொள்கிறீர்களா? இந்த வயதில் உங்களுக்கு அதை எழுதியிருக்கக் கூடாது. அப்பா சொன்னது சரி.

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. நீலம். அண்ணி எப்போதாவது நுவரெலியாவுக்குப் போனால் போடலாம். இங்கே குளிர் விட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, கறிவேப்பிலை பிழைத்துவிட்டது. பிரசாந் சாக்கை எடுத்து அதற்கு வெயில் காட்டுகிறான். காரைப் பற்றி இனி எழுத வேண்டாம். பழையபடி ஏசிக்கொண்டு ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புத் தங்கை
ராணி

*

வெள்ளவத்தை
15.10.2023

அன்புள்ள ராணிக்கு,

சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். அண்ணி சுகம். ஸ்வெட்டர் என்றதும் இப்போதே ஏசியை வாங்கிப் பூட்டச் சொல்கிறாள்.

நீ எழுத வேண்டாம் என்றாய், நான் எழுதுகிறேன். எஞ்சின் இரத்மலானையிலிருந்து வந்து, காரில் ஏறிவிட்டது. ரிஸ்கான் தன் கையாலேயே பூட்டினான். முதல் நாள் ஸ்டார்ட் பண்ணியபோது இருமியது, நின்றது, பிறகு பிடித்துக்கொண்டது. டீசலின் சத்தத்துக்குப் பழகின எனக்கு, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை. மெஷினைக் காதில் போட்டுக்கொண்டு பொனெட்டில் கையை வைத்துப் பார்த்தேன். மெல்லிய நடுக்கம். அப்பா ஓட்டும்போது பின் சீட்டில் நானும் நீயும் இருப்போமே, அந்தச் சத்தம்.

ஒன்று கவனித்தாயா? இதற்கிடையில் கியூஆரையும் எடுத்துவிட்டார்கள். இனி எந்தக் காருக்கும் எந்த எண்ணெயும் அடிக்கலாம். எதற்காகத் தொடங்கினேனோ அந்தக் காரணமே இப்போது இல்லை.

யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று கேட்டாய். அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மிச்சம் இருக்கிறா. தீர்ப்புச் சொன்னவவே இருக்கிறா. காரையும் புத்தகத்தையும் கொண்டுபோய்ச் சிவக்கொழுந்து அக்காவுக்கு முன்னால் வைக்கப்போகிறேன். பிந்திப்போனதுதான், ஆனாலும் அந்த வீட்டில் உன் பெயரில் கிடக்கிற பழியை எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எனக்கு ஆறாது.

அண்ணா

*

டண்டினோங்
27.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். மச்சாளிடம் போக வேண்டாம். நீங்கள் நினைப்பது அங்கே கிடைக்காது. அந்த வாசலில் உங்களை யாரும் குறைத்துப் பேசுவதை என்னால் தாங்க முடியாது. தயவுசெய்து போகாதீர்கள்.

ராணி

*

அனுப்புநர்: உஷாந்தி, கொட்டாஞ்சேனை
மின்னஞ்சல், 06.11.2023

அன்புள்ள ராணி மாமிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் சுகம். அம்மாவுக்கு நடக்க ஏலாதே தவிர, வாய் பழைய மாதிரித்தான்.

நேற்று உங்கள் அண்ணா வந்தார். நான் இதை எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மூடி மூடித்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் எழுதுகிறேன். என்னை ஏசாதீர்கள்.

உங்கள் கல்யாணக் காரில் வந்தார். வெள்ளைச் சேர்ட், வெள்ளை லோங்ஸ், நெற்றியில் திருநீறு. காரை எங்கள் கேற்றுக்கு நேரே நிறுத்தினார். பின்னால் ஓட்டோக்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன, அவருக்கு அது கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "அக்காவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை" என்றார். கதிரையைப் போட்டு அம்மாவை இருத்தினேன். அவர் பொனெட்டைத் திறந்து, ரோச் லைற்றை அடித்து, புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நம்பரைப் பாருங்கோ" என்றார்.

"என்னத்துக்குத் தம்பி இதெல்லாம்?" என்று அம்மா கேட்டா.

"எஞ்சின் திரும்பி வந்திட்டுது. நீங்கள் அண்டைக்குச் சொன்னது. என்ரை தங்கச்சியை இனி ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது" என்றார்.

அம்மாவுக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. பிறகு சிரித்தா. "எஞ்சினோ? அது சும்மா சாட்டுத் தம்பி. எங்கடை அம்மாவுக்குச் சந்திரகுமாருக்கு வேறை இடத்திலை கலியாணம் செய்யத்தான் விருப்பம். உங்கடை பகுதியை அவவுக்குப் பிடிக்கேல்லை. எஞ்சின் இல்லாட்டி வேறை ஒண்டைப் பிடிச்சிருப்பம்."

அவருக்குக் கேட்கவில்லை. மெஷினைத் திருகிக்கொண்டு, "என்னக்கா சொல்லுறியள்?" என்று கிட்ட வந்து குனிந்தார். அம்மா இரண்டாம் தரமும் சொன்னா, இந்த முறை உரத்து. முன் கடைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர் ரோச்சை நிறுத்தினார் மாமி. புத்தகத்தை ஷொப்பிங் பையில் சுற்றி வைத்தார். பொனெட்டை மெல்ல மூடி, தன் கை பட்ட இடத்தை லேஞ்சியால் துடைத்தார். நான் தேத்தண்ணியோடு ஓடி வந்தேன். நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைத் தந்தார். "இதை ராணிக்கு எழுதவேண்டாம் பிள்ளை" என்றார். பிறகு காரை எடுத்தார். திருப்புகிற வரைக்கும் ஓட்டோக்காரர்கள் பொறுத்து நின்றார்கள்.

நீங்கள் எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் நான் சின்னப் பிள்ளை. எனக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள்தான். அம்மா கேட்கமாட்டா, அவவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள்
உஷாந்தி

*

வெள்ளவத்தை
12.11.2023

அன்புள்ள ராணிக்கு,

நானும் அண்ணியும் நல்ல சுகம். தீபாவளிக்கு அண்ணி வாங்கித் தந்த சேர்ட் எனக்குப் பெரிசு, உள்ளே இன்னொருவரும் இருக்கலாம். நீங்களும் நன்றாகக் கொண்டாடியிருப்பீர்கள்.

போகவேண்டாம் என்று நீ எழுதின கடிதம் நான் போய் வந்த பிறகுதான் கையில் கிடைத்தது. ஆகவே ஏசாதே. நீ பயந்தது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

சிவக்கொழுந்து அக்கா வாசலுக்கே வந்து இருந்தா. பொனெட்டைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஞ்சினின் நம்பரைப் பார்த்தா, புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தா. "ஓம் தம்பி, இதுதான்" என்றா. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் செய்தது பிழை. அவவுக்கு எழுதுங்கோ" என்றா. வயது போனால் மனிதருக்கு நல்ல புத்தி வரும்போல. உள்ளே கூட்டிப்போய்ச் சுவாமி அறைக்குப் பக்கத்தில் இருத்தி, தேத்தண்ணியும் கேக்கும் தந்தார்கள். உன்னை விசாரித்தார்கள். எனக்குக் காது கேட்காது என்றாலும் இதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

இனி அந்த வீட்டில் உனக்கு ஒரு சொல்லும் இல்லை. அதை நினைத்துச் சந்தோசமாக இரு. கார் திரும்பி வரும்போது நல்லாக ஓடியது. இப்போது கராஜில் மூடி வைத்திருக்கிறேன், கொஞ்ச நாளைக்கு எடுக்க மனம் இல்லை. மழையும் பெய்கிறது.

முடிந்தால் வா. முடியாவிட்டால் எழுது.

அன்புடன்
அண்ணா

*

டண்டினோங்
03.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் கந்தசுவாமியை வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தை வாசித்தேன். பிரசாந்துக்கும் வாசித்துக் காட்டினேன். உஷாந்தியும் எழுதியிருந்தாள், கார் வந்ததாகவும், நீங்கள் வெள்ளைச் சேர்ட்டில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினதாகவும். வேறொன்றும் எழுதவில்லை. மச்சாள் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். நீங்கள் எழுதினபடியே அதை வைத்துக்கொள்கிறேன். இனி அந்தக் கதையை நாங்கள் இருவரும் எடுக்க வேண்டாம்.

தை மாதம் வருகிறேன். பிரசாந் டிக்கெட் போட்டுவிட்டான். அப்பாவின் திவசம் தையில்தானே. இதுவரைக்கும் நீங்கள் தனியே செய்தீர்கள், இந்த முறை நானும் பக்கத்தில் இருப்பேன். காரில்தான் ஏற்ற வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், அந்த வீதியில் இவ்வளவு தூரம் உங்களை ஓடவிட எனக்குப் பயம். ஒரு வான் பிடித்து வந்து நில்லுங்கள், போதும்.

ஒன்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறேன். கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்த காலமெல்லாம், எங்கள் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வந்து அந்த வாசலில் நின்று எனக்காக ஒரு சொல் கேட்கமாட்டார்களா என்று ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோர்ன் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். நீங்கள் போய் நின்றிருக்கிறீர்கள் அண்ணா. நான்தான் அந்த வீட்டில் இல்லை.

அன்புத் தங்கை
ராணி